டர்போ காரை எத்தனாலுக்கு மாற்றுகிறீர்களா? தொட்டியிலிருந்து தொடங்குங்கள்

பெட்ரோல் டர்போ காரை எத்தனாலுக்கு மாற்ற நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை குதிரைசக்தி கூடும்? என் காரை மாற்றி, வெயிலிலும் குளிரிலும் ஓட்டிப் பழகிய பிறகு, அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. எரிபொருள் தொட்டிக்குள் என்ன பம்ப் இருக்கிறது, குழாய்கள் எதனால் ஆனவை, பம்புக்குப் போகும் வயர் எவ்வளவு தடிமன் என்று திருப்பிக் கேட்கிறேன். தொட்டியிலிருந்து இன்ஜெக்டர் முனை வரை உள்ள பாதை முழுவதையும் எத்தனாலுக்கு ஏற்றபடி திரும்பக் கட்டுவதுதான் இந்த மாற்றத்தின் முக்கால் பங்கு வேலை. கூடுதல் சக்தி அந்த வேலைக்குப் பிறகு வருவது.

என் கார் 2 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ. இன்டேக் குழாயில் எரிபொருளைத் தெளிக்கும் பழைய வகை இன்ஜெக்டர்கள். நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் புதிய கார்களின் கதை வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எத்தனால் என்ன செய்கிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் 21தான். அப்படியென்றால் குறைந்த ஆற்றலுள்ள எரிபொருளால் அதிக சக்தி எப்படிக் கிடைக்கும்? ஒரு கிலோ காற்றோடு எரியத் தேவையான அளவை வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். 14.7 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ பெட்ரோல் தேவை. சுத்தமான எத்தனாலுக்கு 9 கிலோ காற்றே போதும். எனவே அதே காற்றோடு எத்தனாலை அதிகமாகச் சேர்த்து எரிக்கலாம். கணக்குப் போட்டால் இரண்டிலும் ஒரு கிலோ காற்றுக்குக் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய சமம், 3 மெகாஜூலுக்குச் சற்றுக் குறைவு. ஆக, எரிபொருளின் ஆற்றல் மட்டும் பெரிய லாபம் தருவதில்லை.

லாபம் குளிர்ச்சியில் இருக்கிறது. திரவம் ஆவியாக மாறும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. எத்தனாலின் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு ஏறக்குறைய 900 கிலோஜூல், பெட்ரோலுக்கு 350 அளவில். அதோடு, எத்தனாலை அதிகமாகவும் தெளிக்கிறோம். இரண்டையும் பெருக்கினால், ஒரு கிலோ காற்றிலிருந்து எத்தனால் உறிஞ்சும் வெப்பம் பெட்ரோலைப் போல நான்கு மடங்கு. டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றுக்கு இது பெரும் நிவாரணம். இதன் மேல், தட்டாமல் எரியும் திறனைக் காட்டும் ஆக்டேன் எண், எத்தனாலுக்கு ஆர்.ஓ.என். என்ற அளவுமுறையில் 108 அளவில் இருக்கிறது. பெட்ரோலில் கலவை தானாகவே வெடித்து இன்ஜின் தட்டத் தொடங்கும் (நாக்கிங்) இடத்தைத் தாண்டி, பற்றவைக்கும் நேரத்தை (டைமிங்) முன்னே தள்ளலாம். டர்போ அழுத்தத்தையும் ஏற்றலாம். கோனிக்செக் நிறுவனத்தின் சிசிஎக்ஸ் கார் பெட்ரோலில் 806 குதிரைசக்தி தந்தது. எத்தனாலுக்காக அமைத்த சிசிஎக்ஸ்ஆர், இ85 எரிபொருளில் 1018 தந்தது. எத்தனால் நாக்கிங் என்னும் தடையை அகற்றியதும், பெட்ரோலில் பயன்படுத்த முடியாமல் இருந்த அழுத்தத்தையும் டைமிங்கையும் பயன்படுத்த முடிந்தது.

இ85 என்றால் 85 சதவீதம் எத்தனால், மீதி பெட்ரோல் என்று பெயர். பெயர் அப்படித்தான், உள்ளே இருப்பது அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்கத் தர விதியே 51 முதல் 83 சதவீதம் வரை எத்தனால் இருந்தால் அந்தப் பெயரில் விற்க அனுமதிக்கிறது. குளிர்காலத்தில் இன்ஜின் கிளம்புவதற்காகப் பெட்ரோல் பங்கைக் கூட்டுவார்கள். ஆகவே நான் மாற்றத்தைத் தொடங்குவதற்கு முன்பே ஒரு கண்ணாடி அளவுக் குழாய் வாங்கிக்கொண்டேன். ஏதாவது ஒரே ஒரு பொருளை மட்டும் வாங்குங்கள் என்று யாராவது கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

சோதனை எளிது. 100 மில்லி அளவுக் குழாயில் 50 மில்லி தண்ணீர் ஊற்றி, அதன் மேல் 50 மில்லி எரிபொருளை ஊற்றி, மூடிக் குலுக்கி, நிற்க வைக்க வேண்டும். எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு சேரும். பெட்ரோல் மேலே மிதக்கும். தண்ணீரில் சமையலுக்குப் பயன்படும் நிறப்பொடி ஒரு சிட்டிகை கலந்தால் எல்லைக் கோடு பளிச்சென்று தெரியும், ஏனெனில் நிறம் தண்ணீர்ப் பக்கத்திலேயே நின்றுவிடும். கீழ் அடுக்கு 85 மில்லி கோட்டில் நின்றால், 35 மில்லி எத்தனால் கீழே இறங்கியிருக்கிறது. 50க்கு 35 என்றால் 70 சதவீதம். தண்ணீரும் எத்தனாலும் கலக்கும்போது கன அளவு கொஞ்சம் சுருங்குவதால் உண்மையான அளவு இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். சோதித்த எரிபொருளைத் திரும்பத் தொட்டியில் ஊற்றக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே ஒரே பெட்ரோல் நிலையத்தில் நிரப்பிய எரிபொருளில் அந்தக் கோடு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தவர்கள், 'இ85க்கு டியூன் செய்துவிட்டேன், போதும்' என்று சொல்ல மாட்டார்கள்.

இனி தொட்டி. இங்கேதான் நான் அதிக நேரம் செலவிட்டேன், அதற்காக வருந்தவில்லை.

எத்தனால் ஒரு நல்ல கரைப்பான். பல ஆண்டுகள் பெட்ரோல் கிடந்த தொட்டியின் சுவரில் படிந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து வடிகட்டியில் சேர்க்கும். மாற்றிய கொஞ்ச நாட்களில் என் பழைய வடிகட்டியைக் கழற்றி, வெளி உறையை அறுத்துத் திறந்து பார்த்தேன். மடிப்பு மடிப்பாக இருந்த தாள் முழுவதும் பழுப்பு நிறத்தில், விரலில் ஒட்டும் மெல்லிய சேறு. மடிப்புகளுக்கு இடையே ஒட்டியிருந்த பசை ஓரங்களில் இளகி, தாள் பிரியத் தொடங்கியிருந்தது. அந்தத் தாள் நார்கள் அடுத்துப் போகும் இடம் இன்ஜெக்டரின் ஊசிமுனைத் துளைதான். அதை எதிர்பார்த்து, துருப்பிடிக்காத எஃகு வலை கொண்ட 10 மைக்ரான் வடிகட்டியை முன்பே வாங்கி வைத்திருந்தேன். முதல் சில தொட்டிகள் ஓடி முடிந்ததும் வடிகட்டியைக் கட்டாயம் திறந்து பாருங்கள். அதன் பிறகு சேறு வருவது நின்றுவிடும்.

குழாய்களில் கவனிக்க வேண்டியது இரண்டு. சாதாரண ரப்பர் குழாய் எத்தனாலில் ஊறினால் உப்பும், பிறகு இறுகி வெடிக்கும். வெடிக்காத காலத்திலும் அதன் சுவர் வழியாக ஆவி மெல்லக் கசிந்து, காரேஜைத் திறந்தவுடன் வாசனை அடிக்கும். உட்புறம் டெஃப்லான் பூசிய, வெளியே எஃகு வலை பின்னிய குழாய்களை நான் போட்டேன். வாசனை அடியோடு நின்றது. இரண்டாவது, தொட்டிக்குள் பம்பையும் மூடியையும் இணைக்கும் சிறு குழாய். அது உள்ளும் புறமும் எரிபொருளில் மூழ்கிக் கிடக்கிறது. வெளியே பயன்படுத்தும் நல்ல எரிபொருள் குழாய்கூட அங்கே தாங்காது, ஏனெனில் அதன் வெளித்தோல் மூழ்கிக் கிடப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. மூழ்கும் பயன்பாட்டுக்கென்றே எஸ்.ஏ.இ. ஜே30ஆர்10 என்ற தரக் குறியீடு கொண்ட குழாய் தனியாகக் கிடைக்கிறது. ஒரு சாண் நீளக் குழாய்தான். அது கிழிந்தால் பம்ப் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எரிபொருள் தொட்டிக்குள்ளேயே சுற்றிவரும், கார் முழு வேகத்தில் இருக்கும்போது அழுத்தம் சரியும்.

உலோகங்களில் பூச்சு இல்லாத அலுமினியம், துத்தநாகம், ஈயப் பூச்சுள்ள பழைய தொட்டிகள் ஆகியவை ஆபத்தானவை. வெறும் அலுமினிய இணைப்புகளில் எத்தனாலும் அது இழுத்து வைத்திருக்கும் ஈரமும் சேர்ந்தால் வெள்ளைக் கூழ் போன்ற ஒன்று உருவாகி வடிகட்டியை அடைக்கும். அனோடைஸ் செய்த அலுமினியமும் துருப்பிடிக்காத எஃகும் பிரச்சினை தருவதில்லை. ஓ-ரிங்குகளுக்கு விட்டான் வகை ரப்பர் நம்பகமானது. இன்னொன்றைப் பலர் மறக்கிறார்கள்: பெட்ரோல் மின்சாரத்தைக் கடத்தாது என்றே வைத்துக்கொள்ளலாம், எத்தனால் ஓரளவு கடத்தும். தொட்டிக்குள் திறந்து கிடக்கும் மின் முனைகள் நாளடைவில் அரித்துப்போகும். எத்தனாலுக்கென்று தயாரிக்கப்பட்ட பம்பை வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பம்பின் அளவு பற்றி எண்களோடு பேசலாம். இன்ஜின் 300 குதிரைசக்தி தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டர்போ இன்ஜினில் பெட்ரோல் என்றால் மணிக்கு ஏறக்குறைய 110 லிட்டர் செலவாகும். இ85 என்றால் 150 லிட்டர். நான்கு இன்ஜெக்டர்களும் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று வைத்தால், பெட்ரோலுக்கு நிமிடத்துக்கு 540 சிசி தெளிக்கும் இன்ஜெக்டர் போதும். இ85க்கு 730 சிசிக்கு மேல் வேண்டும். குளிர்காலத்தில் கிளம்பவும் டியூனிங்கில் சற்றுத் தளர்வு இருக்கவும் அதற்கு மேலே ஒரு படி பெரியதை எடுப்பது நல்லது.

இன்ஜெக்டரை மாற்றாமல் எரிபொருள் அழுத்தத்தை மட்டும் ஏற்றினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் ஓட்டம் கூடும். 3 பாரிலிருந்து 4 பாருக்கு ஏற்றினால் கிடைப்பது 15 சதவீதம். எத்தனாலுக்குத் தேவையான 40 சதவீதம் வேண்டுமென்றால் அழுத்தத்தை இரட்டிப்பாக்க வேண்டும். அழுத்தம் ஏற ஏறப் பம்பின் ஓட்டமோ இறங்கும். டர்போ அழுத்தமும் அந்தப் பம்பின் தலைமேல்தான் ஏறுகிறது: அடிப்படை 3 பார், டர்போ 1.5 பார் என்றால் பம்ப் 4.5 பாரை எதிர்த்துத் தள்ள வேண்டும். பம்பின் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பார்க்காமல், அந்த 4.5 பாரில் அது எவ்வளவு தள்ளும் என்ற வரைபடத்தைப் பாருங்கள்.

வயரிங் மேலும் ஒரு பொறி. புதிய பம்ப் பொருத்தியதும், நண்பரை ஆக்சிலரேட்டரில் உட்கார வைத்து, பம்பின் முனையில் மல்டிமீட்டரை வைத்தேன். பேட்டரியில் 13.9 வோல்ட். பம்பில் 11.8. கார் செய்தவர்கள் போட்ட மெல்லிய வயர் பழைய பம்புக்குப் போதுமானதாக இருந்தது; இரண்டு மடங்கு மின்னோட்டம் இழுக்கும் புதிய பம்புக்கு அது போதாது. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், இடையில் ஃப்யூஸ், பின்பக்கத்தில் ரிலே, நல்ல எர்த். அதன் பிறகு பம்பில் 13.6 வோல்ட் வந்தது. அந்த ஏறக்குறைய 2 வோல்ட்டுக்குள் எவ்வளவு எரிபொருள் ஒளிந்திருக்கிறது என்பதைப் பம்ப் தயாரிப்பாளரின் வரைபடத்தில் நீங்களே பார்க்கலாம். பெரிய பம்ப் வாங்கி, பழைய வயரில் மாட்டிவிட்டு, 'எத்தனாலில் அதிகச் சுழற்சிக்குப் போனால் கலவை லீன் ஆகிறது, அதாவது எரிபொருள் குறைகிறது' என்று குழம்புகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மல்டிமீட்டரை எடுத்துப் பம்பின் முனையில் வைத்தால் பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் டியூனிங்.

மாற்றாத காரில் அப்படியே எத்தனாலை ஊற்றினால் என்ன ஆகும்? ஆக்சிஜன் சென்சார் காட்டும் கலவையைப் பார்த்து, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு தானே திருத்த முயலும், ஆனால் அந்தத் திருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. பல கார்களில் 25 சதவீதம் அளவில். இ85க்கு 40 வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரியும். அதைவிட மோசமானது, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது பல ஈசியுக்கள் சென்சாரைக் கேட்பதில்லை; எழுதிவைத்த அட்டவணைப்படி தெளிக்கும். சாதாரணமாக ஓடும்போது சமாளித்த கார், முழுச் சுமையில் எரிபொருள் போதாமல் பிஸ்டனைச் சுட்டுவிடும்.

எத்தனால் அளவு ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் மாறும் என்பதால், அதை அளக்கும் ஃப்ளெக்ஸ் சென்சார் பொருத்தினேன். பரவலாகப் பயன்படும் சென்சாரின் மொழி மிக எளிது: எத்தனால் இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸ், முழு எத்தனால் என்றால் 150 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸிலிருந்து 50ஐக் கழித்தால் சதவீதம். ஒவ்வொரு துடிப்பின் அகலமும் எரிபொருளின் வெப்பநிலையைச் சொல்லும். மூன்றே வயர்கள். அதன் துளை சிறியது என்பதால் அதிக ஓட்டமுள்ள கார்களில் திரும்பி வரும் குழாயில் வைப்பார்கள். நானும் அங்கேதான் வைத்தேன். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. எரிபொருள் நிரப்பிவிட்டுக் கிளம்பினால் குழாயில் இன்னும் பழைய எரிபொருள்தான் இருக்கும். காட்டியில் 38 என்று நிற்கும், பிறகு 41, 49, 57 என்று ஏறி, 72இல் போய் நிற்கும். அந்த எண் அசையாமல் நிற்கும் வரை ஆக்சிலரேட்டரை மெதுவாகவே மிதிப்பேன். புது எரிபொருள் நிரப்பியதும் சாலையில் சீறிப் பாயும் பழக்கம் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சென்சார் பழுதானால் என்ன செய்ய வேண்டும் என்று ஈசியுவிடம் முன்பே சொல்லி வைப்பது மிக முக்கியம். என் டியூனர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது: சிக்னல் போய்விட்டால், எரிபொருள் அளவுக்குக் கடைசியாகத் தெரிந்த எத்தனால் சதவீதத்தையே வைத்துக்கொள், டைமிங்கையும் டர்போ அழுத்தத்தையும் மட்டும் பெட்ரோலுக்கான பாதுகாப்பான நிலைக்கு இறக்கிவிடு. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பெட்ரோல் நிலைக்கு மாற்றினால், தொட்டியில் இன்னும் எத்தனால் இருக்கும்போது எரிபொருள் போதாமல் போகும். அதேபோல எரிபொருள் அழுத்தத்துக்கும் ஒரு சென்சார் வைத்து, இன்டேக்கைவிட 3 பார் கூடுதலாக இருக்க வேண்டிய அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் டர்போ அழுத்தத்தை உடனே வெட்டும்படி அமைத்தார்.

கலவையை லாம்டாவில் பேசப் பழகுங்கள். லாம்டா 1 என்றால் எந்த எரிபொருளானாலும் காற்றும் எரிபொருளும் சரியான அளவு. கலவையை அளந்து காட்டும் பல வைட்பேண்ட் காட்டிகள் லாம்டாவைப் பெட்ரோல் கணக்குக்கு மாற்றி 14.7 என்று காட்டும். எத்தனாலில் ஓடும்போதும் அதே 14.7 என்றுதான் காட்டும். இ85இன் விகிதம் 9.8 என்று படித்தவர்கள், காட்டியில் 9.8 வரும் வரை எரிபொருளைக் கூட்டிக்கொண்டே போய் ஸ்பார்க் பிளக்கை நனைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். முழுச் சுமையில் எத்தனாலில் லாம்டா 0.80 முதல் 0.85 வரை என் இன்ஜினுக்குப் பொருத்தமாக இருக்கிறது. பெட்ரோலில் குளிர்ச்சிக்காகவே கூடுதல் எரிபொருள் ஊற்றுவோம். இங்கே அந்தக் கட்டாயம் குறைவு.

டைமிங் பற்றி மனதாரச் சொல்ல வேண்டியது இருக்கிறது, ஏனெனில் நல்ல இன்ஜின்கள் இங்கேதான் உடைகின்றன. பெட்ரோலில் டைமிங்கை முன்னே தள்ளிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இன்ஜின் தட்டும். தட்டும் சத்தம்தான் எல்லையைச் சொல்லும். எத்தனாலில் அந்தச் சத்தம் பெரும்பாலும் வராது. இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் வைத்து இரண்டு இரண்டு டிகிரியாக ஏற்றும்போது முதலில் முறுக்குவிசை நன்றாகக் கூடும், பிறகு கொஞ்சம் கூடும், பிறகு அப்படியே நிற்கும். நின்ற பிறகும் ஏற்றலாம், இன்ஜின் ஒரு முனகல்கூட எழுப்பாது. ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடும், சிலிண்டரின் மேல்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டும்தான் அந்தச் சுமையைச் சுமக்க வேண்டியிருக்கும். ஆகவே முறுக்குவிசை கூடுவது எங்கே நிற்கிறதோ அதற்கு ஓரிரு டிகிரி முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும். இதற்கு டைனோ வேண்டும். காதை நம்பிச் சாலையில் டியூன் செய்வது பெட்ரோலிலேயே சரியல்ல. எத்தனாலில் அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். டர்போ அழுத்தத்துக்கும் இதே கதைதான். எரிபொருள் அனுமதிக்கிறது என்பதால் ராடுகள் அனுமதிக்கும் என்று பொருளில்லை. தொழிற்சாலை ராடுகள் எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்குகின்றன என்று அந்த இன்ஜினை அறிந்தவர்களிடம் கேட்டு, அதற்குள் நிற்க முடிவு செய்தேன். முறுக்குவிசையைக் கீழ்ச் சுழற்சியில் அடக்கி, மேல் சுழற்சியில் மட்டும் அழுத்தத்தை ஏற்றினோம்.

ஸ்பார்க் பிளக்கில் ஒரு படி குளிர்ந்த வகையைப் போட்டு, இடைவெளியை 0.65 மில்லிமீட்டருக்குக் குறைத்தேன். பெட்ரோலில் பிளக்கின் நிறத்தைப் பார்த்துக் கலவையைக் கணிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே அதை மறந்துவிடலாம். எத்தனாலில் பிளக் வெள்ளையாக, புதியது போலவே இருக்கும்.

குளிரில் கிளம்புவதுதான் அன்றாடத் தொல்லை. பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பொருட்கள் பல கலந்திருக்கின்றன. எத்தனால் ஒரே பொருள். 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே போனால், பற்றிக்கொள்ளும் அளவுக்கு அதிலிருந்து ஆவி எழுவதில்லை. 1979இல் பிரேசிலில் ஃபியட் 147 முழு எத்தனால் காராக விற்பனைக்கு வந்தது. அந்நாட்டின் எத்தனால் கார்களில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புவதற்கென்றே பெட்ரோல் நிரப்பிய சிறு தொட்டி ஒன்றை இன்ஜின் பக்கத்தில் வைத்தார்கள். இ85இல் கலந்திருக்கும் பெட்ரோல் செய்வதும் அதே வேலைதான். டியூனிங்கில் ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்துக்கான எரிபொருள் அட்டவணையைத் தனியாக, ஒவ்வொரு வெப்பநிலைக்கும் பொறுமையாக எழுத வேண்டும். இதை ஒரே நாளில் முடிக்க முடியாது. இரவெல்லாம் குளிர்ந்த இன்ஜின் காலையில் ஒரு முறைதான் குளிர்ந்த நிலையில் கிளம்பும். கொஞ்சம் குறைவாக ஊற்றினால் பிடிக்காது, கூடுதலாக ஊற்றினால் பிளக் நனைந்துவிடும். நல்ல பேட்டரி இருந்தால் பாதித் தொல்லை குறையும்.

இதோடு சேர்ந்ததுதான் இன்ஜின் ஆயில். குளிர்ந்த இன்ஜினில் எரியாத எத்தனால் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். எத்தனால் எரிந்தால் தண்ணீரும் நிறைய உண்டாகும். குறுகிய தூரம் ஓட்டி, இன்ஜின் சூடாவதற்குள் நிறுத்திவிடும் பழக்கம் இருந்தால், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள்: உட்புறம் பால் ஏடு போன்ற படலம் ஒட்டியிருக்கும். நான் கிளப்பினால் ஆயில் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிவிட்டே நிறுத்துகிறேன். அந்தச் சூட்டில் எத்தனாலும் நீரும் ஆவியாகிப் போய்விடும். ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். மாதக்கணக்கில் காரை நிறுத்துவதாக இருந்தால், எத்தனாலை ஓட்டித் தீர்த்து, ஒரு தொட்டி பெட்ரோலை ஓடவிட்டுப் பிறகு நிறுத்துவேன். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நீண்ட நாள் நின்ற கார்களில் இன்ஜெக்டர் முனையில் பிசின் போன்ற படிவு உருவாகும்.

பாதுகாப்பில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பெட்ரோல் தொட்டியின் மேற்புறத்தில் ஆவி மிக அடர்த்தியாக இருப்பதால், சாதாரண வெப்பநிலையில் அது பெரும்பாலும் பற்றுவதில்லை. எத்தனால் அதிகமுள்ள தொட்டியில் அந்த ஆவி, பற்றிக்கொள்ளும் வரம்புக்குள்ளேயே இருக்கக்கூடும். தொட்டியைத் திறந்து வேலை செய்யும்போது ஒரு சிறு பொறியும் கூடாது. சுத்தமான எத்தனாலின் தீ நீல நிறம், நல்ல வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. சாதாரண நுரை எத்தனால் தீயில் சிதைந்துவிடும். ஆல்கஹாலைத் தாங்கும் நுரை அல்லது உலர் பொடி அணைப்பான் அருகில் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த காரை ஓட்டுவது எப்படி இருக்கிறது? வெயில் கொளுத்தும் நாளில் மேடு ஏறும்போதுதான் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. பெட்ரோலில் ஓடிய காலத்தில் அந்த வெப்பத்தில் ஈசியு டைமிங்கை இழுத்துப் பிடிக்கும், கார் சோர்ந்துபோகும். இப்போது முதல் முறை மிதித்தபோது இருந்த வேகம் அடுத்தடுத்த முறையும் குறையாமல் இருக்கிறது. வெளியேற்ற வாயுவின் வெப்பம் இறங்கியதால் டர்போவின் மீதும் சுமை குறைந்திருக்கிறது. பந்தய ஓடுதளத்துக்கு எத்தனால் பிடித்துப்போன காரணம் எனக்கு அங்கே விளங்கியது. இண்டிகார் பந்தயம் 2007இல் முழு எத்தனாலுக்கு மாறியதும் நினைவுக்கு வருகிறது. மறுபக்கம், ஒரு லிட்டருக்கு ஓடும் தூரம் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. நெடும்பயணம் என்றால் வழியில் எங்கே இ85 கிடைக்கும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஃப்ளெக்ஸ் சென்சார் இருப்பதால் பெட்ரோலை ஊற்றியும் ஓட்டலாம் என்பது நிம்மதி. வாகன மாற்றத்துக்கான விதிகள் நாட்டுக்கு நாடு மாறுபடும்; வேலையைத் தொடங்குவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் இன்ஜின் உங்களிடம் இருந்தால், இ85 வரை போக அவசரப்பட வேண்டாம். அங்கே தொட்டிப் பம்புக்குப் பிறகு கேம்ஷாஃப்ட் ஓட்டும் உயர் அழுத்தப் பம்ப் ஒன்று இருக்கிறது. அதன் கொள்ளளவுதான் எல்லை, அதை மாற்றுவதற்குச் செலவும் அதிகம். அப்படிப்பட்ட பல கார்கள் 30 சதவீத எத்தனால் வரை தொழிற்சாலைப் பம்பிலேயே தாங்குகின்றன. குளிர்ச்சியும் ஆக்டேன் உயர்வும் தரும் பலனில் பெரும்பகுதி அந்த 30 சதவீதத்திலேயே கிடைத்துவிடுகிறது. கலக்கும் கணக்கும் எளிது: 50 லிட்டர் தொட்டியில் 10 சதவீத எத்தனால் உள்ள பெட்ரோல் 37 லிட்டர், உண்மையாகவே 85 சதவீதம் இருக்கும் எரிபொருள் 13 லிட்டர் என்று நிரப்பினால், 3.7ம் 11.05ம் சேர்ந்து 14.75 லிட்டர் எத்தனால், அதாவது ஏறக்குறைய 30 சதவீதம். அந்த 85 குளிர்காலத்தில் 70 ஆக இருந்தால் இதே கலவை 26 சதவீதத்துக்கு இறங்கிவிடும். டியூன் 30ஐ எதிர்பார்க்கும். ஆகவே நேரடித் தெளிப்பு காருக்கும் ஒரு ஃப்ளெக்ஸ் சென்சார் வாங்குங்கள். அதுவரை ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அந்தக் கண்ணாடிக் குழாயில் சோதித்துவிட்டு ஊற்றுங்கள்.